வேலையை விட்டுவிட்டு நர்சிங் படிக்கலாமா? கடலூரிலும் புதுச்சேரியிலும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கடலூர் ஓ.டி.க்காரி, அதாவது ஓல்ட் டவுன். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனை (க்யூ.சி.) லேபில் ஏழு வருடம் பெட்ரி டிஷ்ஷில் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தேன். 31 வயதில் அதை விட்டேன். ஆஸ்திரேலியாவில் இரண்டு வருட முதுநிலை நர்சிங் படித்தேன். இப்போது மெல்போர்னில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் இருக்கிறேன். லீவுக்கு ஊர் வந்தால் போதும், பெட்டியைத் திறப்பதற்குள் யாராவது சர்ட்டிஃபிகேட் ஃபைலோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பி.காம். முடித்து வங்கியில் இருப்பவர், ஐ.டி.யில் வேலை போனவர், தனியார் பள்ளியில் வேதியியல் எடுப்பவர் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

பட்டதாரிகளுக்கான விரைவு நர்சிங் படிப்பு என்றால் என்ன?

வேறு ஏதோ ஒரு துறையில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவரை, மறுபடி முதல் வருடத்திலிருந்து உட்கார வைக்காமல் நர்ஸாக்கும் படிப்பு. அமெரிக்காவில் 12 முதல் 18 மாதத்தில் முடியும் இரண்டாவது இளநிலைப் பட்டம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வருட முதுநிலைப் பட்டம். இங்கிலாந்திலும் இரண்டு வருட எம்.எஸ்சி.தான், பெயரோடு 'பதிவுக்கு முந்தைய' என்ற அடைமொழி இருக்கும். கனடாவில் ஏறக்குறைய இரண்டு வருடம், ஆனால் அங்கே பல பல்கலைக்கழகங்கள் இந்த இடங்களை உள்ளூர்க்காரர்களுக்கே ஒதுக்கிவிடுகின்றன.

'விரைவு' என்றதும் பாடத்தில் பாதியை வெட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். வெட்டுவது பொதுப் பாடங்களையும் கோடை விடுமுறையையும்தான். வார்டு நேரத்தில் பெரிதாகக் கை வைக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் மூன்று வருட இளநிலை படிப்பவருக்கும் இரண்டு வருட முதுநிலை படிப்பவருக்கும் குறைந்தபட்சம் அதே 800 மணி நேர மருத்துவமனைப் பயிற்சி. இங்கிலாந்தில் மொத்தம் 4,600 மணி நேரம், அதில் பாதி வார்டில். உங்கள் பழைய படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். என் இரண்டு வருடத்தில் தீபாவளி, பொங்கல் எதுவும் ஞாபகமில்லை. பரீட்சைத் தேதிகள் மட்டும் ஞாபகமிருக்கின்றன.

இதை இங்கேயே, புதுச்சேரியில் படிக்க முடியாதா?

முடியாது. இந்தியாவில் வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்று சுருக்கப்பட்ட நர்சிங் படிப்பு கிடையாது. "என்னிடம் எம்.எஸ்சி. இருக்கிறதே, நேராக எம்.எஸ்சி. நர்சிங் சேரக் கூடாதா?" என்று கேட்பார்கள். அதற்கு பி.எஸ்சி. நர்சிங்கும், பதிவு செய்த நர்ஸாக ஒரு வருட அனுபவமும் வேண்டும். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று இரண்டு வருடத்தில் ஒன்று இருக்கிறதே என்பார்கள். அது ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்களுக்கு.

ஆக, இங்கே படிக்க வேண்டுமென்றால் எல்லோரையும் போல நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங், எட்டு செமஸ்டர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருக்க வேண்டும். பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி 35 வயதுக்கு மேல் சேர முடியாது. கோரிமேட்டில் ஜிப்மரில் சேர நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவர்களுக்கு ஜி.என்.எம். டிப்ளமோ ஒரு வழி, மூன்று வருடம். அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தாலும் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தவில்லை.

இதை இரண்டாம் தரம் என்று ஒதுக்காதீர்கள். 24, 25 வயதில், கையில் பணமில்லாமல், பிளஸ் டூவில் உயிரியலும் இருக்கிற ஒருவருக்கு நான் சொல்வது இந்த நான்கு வருட வழியைத்தான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பிறகு உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு வாங்கும் 40 லட்சம் கடனை விட நான்கு வருடம் மலிவு.

பஸ் ஸ்டாண்டில் 'ஒரு வருடத்தில் நர்சிங்' என்று போஸ்டர் பார்த்தேனே?

நானும் பார்த்தேன். அது நர்சிங் அசிஸ்டென்ட் மாதிரி ஒரு சான்றிதழ். அதை வைத்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் நர்ஸ் இல்லை. வெள்ளை உடுப்பும் சிஸ்டர் என்ற கூப்பிடலும் கிடைக்கும், சம்பளம் ஆயாவுக்குக் கொடுப்பதை ஒட்டித்தான் இருக்கும்.

எந்தக் கல்லூரி, எந்த நாடு, எவ்வளவு கட்டணம்: எதை முதலில் பார்ப்பது?

மூன்றையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் பதிவு. படித்து முடித்த மறுநாள் எந்த ஊர் நர்சிங் கவுன்சில் உங்கள் பெயரைத் தன் ஏட்டில் எழுதப் போகிறது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். இன்ஜினீயரிங் மாதிரி இல்லை இது. பட்டம் உங்களை வார்டு வாசல் வரை கொண்டுபோகும். உள்ளே விடுவது பதிவு எண். அதனால் நாட்டிலிருந்து தொடங்கி, அந்த நாட்டின் கவுன்சிலுக்குப் போய், அந்த கவுன்சில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலுக்கு வந்து, அதற்குப் பிறகுதான் கல்லூரியின் வாசலை மிதிக்க வேண்டும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் செய்தேன்.

புதுச்சேரியில் ஒரு ஏஜென்சி. பெயர் வேண்டாம். ஏசி அறை, சுவரெல்லாம் கொடிகள். என் மார்க் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு "மேடம், உங்களுக்கு மாஸ்டர் ஆஃப் நர்சிங் கண்டிப்பா கிடைக்கும்" என்றார்கள். கிடைக்கவும் செய்தது, ஆறே வாரத்தில் ஆஃபர் லெட்டர். வீட்டில் பால் பாயசம் எல்லாம் ஆயிற்று. இரவு அந்தக் கல்லூரியின் பாட விவரத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன், லேபில் இருந்த பழக்கம். சேர்க்கைத் தகுதியில் ஒரு வரி: விண்ணப்பதாரர் ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸாக இருக்க வேண்டும். அதாவது அது நர்ஸ்கள் மேற்படிப்புக்குப் படிப்பது. அதில் சேர்ந்து முடித்திருந்தால், இரண்டு வருடமும் கடனும் போய், கையில் நர்சிங் முதுநிலைப் பட்டம் இருந்தும் நான் நர்ஸ் இல்லை! மறுநாள் போய்க் கேட்டால், "அப்படியா மேடம், ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்கள். கட்டிய விண்ணப்பக் கட்டணம் திரும்பவில்லை.

ஆகவே, ஒரே பெயரில் இரண்டு படிப்புகள் இருக்கும். 'பட்டதாரி நுழைவு' (graduate entry) என்றோ 'பதிவுக்கு முந்தைய' (pre-registration) என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நிற்காமல் ஆஸ்திரேலியா என்றால் அந்நாட்டு நர்சிங் போர்டின் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகள் பட்டியலில், இங்கிலாந்து என்றால் அங்கத்திய நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி.யின் பட்டியலில், அமெரிக்கா என்றால் அந்தந்த மாநில போர்டின் பட்டியலில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பட்டியல்கள் எல்லாம் இணையத்தில் இலவசம். இன்னொரு பொறி: ஆஸ்திரேலியாவில் 'டிப்ளமோ ஆஃப் நர்சிங்' படித்தால் ரெஜிஸ்டர்டு நர்ஸின் மேற்பார்வையில் வேலை செய்யும் என்ரோல்டு நர்ஸ் ஆகலாம், ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆக முடியாது. கட்டணம் குறைவு என்று அதைக் காட்டுவார்கள். தெரிந்தே சேர்ந்தால் தப்பில்லை.

அமெரிக்காவில் ஒரே வருடத்தில் முடிகிறதே, அங்கே போகலாமே?

படிப்பு ஒரு வருடம்தான். அதற்கு முன்னால் அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, வேதியியல், புள்ளியியல், சத்துணவு, வளர்ச்சி உளவியல் என்று ஒரு முன்தேவைப் பட்டியல் வைத்திருப்பார்கள். அதையும் பல கல்லூரிகள் கடந்த ஐந்து, ஏழு வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்கின்றன. பத்து வருடத்துக்கு முன் படித்த என் மைக்ரோபயாலஜியே அங்கே காலாவதி. இதையெல்லாம் சேர்த்தால் ஒரு வருடம் இரண்டரை வருடமாகிவிடும்.

அது கூடப் பரவாயில்லை. படித்து, நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வும் எழுதித் தேறிய பிறகு மாணவர் விசாவில் ஒரு வருடம் வேலை செய்யலாம். அதற்கப்புறம்? சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி விசா பெரும்பாலும் கிடைக்காது. கிரீன் கார்டுக்கான வேலைவாய்ப்பு வரிசையில் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பத்து வருடத்துக்கும் மேல் காத்திருப்பு. கணவன் அல்லது மனைவி அங்கே குடியுரிமையோடு இருக்கிறார் என்றால் கதை வேறு, அவர்களுக்கு இதை விட நல்ல படிப்பு கிடையாது. கடலூரிலிருந்து தனியாக மாணவர் விசாவில் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு 37 வயது. தாமதமாகிவிட்டதா?

படிப்புக்குத் தாமதமில்லை. என் வகுப்பில் 46 வயதுக்காரர் ஒருவர் இருந்தார், முன்பு லாரி ஓட்டியவர். ஆனால் அவர் உள்ளூர்க்காரர். வெளியிலிருந்து போகிற நமக்கு வயதைப் பார்ப்பது விசா. ஆஸ்திரேலியாவில் படித்து முடித்தபின் வேலை செய்யத் தரும் தற்காலிக விசாவுக்கு, 2024 ஜூலை முதல் வயது வரம்பு 35. அதற்கு முன்பு 50 இருந்தது. நிரந்தரக் குடியேற்றத்துக்கான பெரும்பாலான திறன் விசாக்களுக்கு 45. அதனால் 33 வயதில் சேர்ந்து 35இல் முடிப்பது ஒன்று, 37இல் சேர்வது முற்றிலும் வேறு. 37 என்றால் முடித்த கையோடு ஒரு மருத்துவமனை ஸ்பான்சர் செய்ய வேண்டும். நடக்காத காரியமில்லை, ஆனால் அந்த நம்பிக்கையில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்.

இங்கிலாந்தில் படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசாவுக்கு இப்படி வயது வரம்பு இல்லை. இப்போது இரண்டு வருடம் தருகிறார்கள், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது.

பி.காம்., பி.இ. படித்தவர்களை எடுப்பார்களா?

ஆஸ்திரேலியாவில் சில பல்கலைக்கழகங்களுக்கு எந்தப் பட்டமும் சம்மதம். சில இடங்களில் அனாடமி, பிசியாலஜி படித்திருக்க வேண்டும் என்பார்கள். இங்கிலாந்தில் உயிரியல், உளவியல், உடல்நலம் சார்ந்த பட்டம் இருந்தால் சுலபம், அதோடு முதியோர் இல்லம் மாதிரி ஓரிடத்தில் பராமரிப்பு வேலை செய்த மணிக்கணக்கும் கேட்பார்கள். இங்கிலாந்தில் இன்னொன்று: சேரும்போதே பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கில் ஒரு பிரிவை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிரிவில்தான் பதிவு.

காமர்ஸ்காரர்கள் ஒரு விஷயத்தில் எங்களை விடக் கெட்டி. மருந்துக் கணக்கு.

கணக்கா? நர்சிங்கில் என்ன கணக்கு?

ஒரு லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்த டிரிப்ஸ் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வைப்பீர்கள்? 1,000ஐ 20ஆல் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, ஆக 42 சொட்டு. இது எளிய கணக்கு. குழந்தையின் எடைக்கு மில்லிகிராம், மில்லிகிராமிலிருந்து மைக்ரோகிராம் என்று போகும். பல கல்லூரிகளில் இந்தத் தேர்வுக்குத் தேர்ச்சி மதிப்பெண் நூற்றுக்கு நூறு. 95 வாங்கினால் ஃபெயில். முதல் தடவை நான் ஃபெயில். ஒரு தசமப் புள்ளியைத் தள்ளி வைத்துவிட்டேன். வாத்தியார் கோபப்படவேயில்லை, "இந்த மருந்தை நீ பத்து மடங்கு ஏற்றிவிட்டாய்" என்று மட்டும் சொன்னார். இப்போதும் வைக்கும்போது ஒரு தரம், வைத்த பிறகு ஒரு தரம் பார்ப்பேன்.

ஆங்கிலத் தேர்வு கட்டாயமா? நான் படித்ததெல்லாம் இங்கிலீஷ் மீடியம்தான்.

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய நர்சிங் போர்டு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தத்தில் 7, கேட்பது, படிப்பது, பேசுவதில் தலா 7, எழுதுவதில் 6.5 கேட்கிறது. எழுதுவதற்கும் 7 என்று இருந்ததை 2025 மார்ச்சில்தான் குறைத்தார்கள். அந்த அரைப் புள்ளியில் தடுக்கி விழுந்து நான் மூன்று முறை பணம் கட்டியிருக்கிறேன். கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஓ.இ.டி., பி.டி.இ. தேர்வுகளும் செல்லும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஆஸ்திரேலியாவில் கட்டணம் பல்கலைக்கழகத்தைப் பொறுத்து வருடத்துக்கு 35,000 முதல் 50,000 ஆஸ்திரேலிய டாலர் வரை. இரண்டு வருடத்துக்குக் கட்டணமே 40 லட்சம் ரூபாயைத் தாண்டும். அதற்கு மேல் விசாக் கட்டணம், 2025 ஜூலை முதல் 2,000 டாலர், நிராகரித்தாலும் திரும்பாது. ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். கல்விக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பெரும்பாலும் சொத்து ஈடு கேட்கும். நம் பக்கத்தில் அது அப்பாவின் பெயரில் இருக்கும் வீடாகவோ, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொல்லையாகவோ இருக்கும். கையெழுத்துப் போடுவது அவர், வயிற்றில் புளியைக் கரைப்பதும் அவருக்குத்தான். அவரையும் உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.

'பார்ட் டைம் வேலை பார்த்து அடைத்துவிடலாம்' என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் அனுமதி. அதுவும் வார்டுப் பயிற்சி வாரங்களில் காலை ஏழு மணி ஷிப்ட் முடித்து வந்தால் கால் வீங்கியிருக்கும். அந்தப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை செய்து என் வாடகையும் சாப்பாடும் பார்த்துக்கொண்டேன். கட்டணத்தில் ஒரு டாலர்கூட அதிலிருந்து கட்டவில்லை.

கணவர், குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப் போகலாம், காட்ட வேண்டிய பணம் கூடும். இங்கிலாந்துக்கு 2024 ஜனவரியிலிருந்து பாடவழி எம்.எஸ்சி. மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. படித்து முடித்து வேலை விசா வந்த பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.

"இவ்வளவு படித்துவிட்டுப் பீ மூத்திரம் அள்ளவா போகிறாய்?" என்கிறார்கள் வீட்டில். என்ன பதில் சொல்வது?

என்னிடம் இதைக் கேட்டது என் அத்தை. நடு வீட்டில், சொந்தக்காரர்கள் முன்னால். அன்று பதில் வரவில்லை. அம்மாதான் அடுக்களையிலிருந்து சொன்னார்: "உங்க அம்மா எட்டு மாசம் படுத்திருந்தாங்களே அண்ணி, அப்ப நான் அள்ளினேன். நீங்க ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போனீங்க." அத்தோடு பேச்சு நின்றது.

உண்மையைச் சொன்னால், ஆமாம், அள்ள வேண்டும். நம் ஊரில் அதைப் பெரும்பாலும் ஆயாவோ கூட இருக்கும் சொந்தக்காரரோ செய்துவிடுவார்கள், அங்கே நர்ஸும் செய்வார். என் முதல் பயிற்சி வாரத்தில் 80 வயதைத் தாண்டிய ஒரு கிரேக்கத் தாத்தாவைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். பேசினில் வெந்நீரை மணிக்கட்டில் தொட்டுப் பார்த்தேன். முகத்துக்கு ஒரு துணி, உடம்புக்கு ஒரு துணி. ஒரு கையைக் கழுவும்போது மற்ற உடம்பு முழுதும் துண்டால் மூடியிருக்க வேண்டும். நான் வாயே திறக்காமல் வேகமாகச் செய்துகொண்டிருந்தேன், கை நடுக்கத்தை மறைக்க. கூட இருந்த சீனியர் மெதுவாகச் சொன்னார்: "அவரிடம் பேசு. நீ பேசாமல் கழுவினால் அவர் பாத்திரம் மாதிரி ஆகிவிடுவார்."

அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதுதான் இந்த வேலையில் அறிவுக்கு எங்கே இடம் என்பது எனக்கு விளங்கியது. முதுகின் அடியில், இடுப்பெலும்பு மெத்தையில் அழுந்தும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. சீனியர் விரலால் அழுத்தி எடுத்தார். சாதாரணமாக அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவக்கும். இது வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் படி. அன்றே மெத்தையை மாற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட ஏற்பாடாயிற்று. குளிப்பாட்டாமல் இருந்திருந்தால் அதை யார் பார்த்திருப்பார்கள்? பிற்பாடு எனக்கு ஒன்று உறைத்தது. பாடப் புத்தகத்தில் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோல். நம் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. சூட்டையும் கெட்டித்தன்மையையும் புறங்கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டிக்கு அம்மா தினமும் தேங்காய் எண்ணெய் தடவும்போது "இங்க கல்லு மாதிரி இருக்கு" என்று சொன்னது அதுதான்.

ஆண்கள் போகலாமா?

தாராளமாக. இங்கே சிஸ்டர் என்பது போல ஆண் நர்ஸை பிரதர் என்பார்கள், அங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான். நோயாளிகள் உட்பட.

ஜெர்மனி இலவசம் என்கிறார்களே?

அது விரைவுப் படிப்பு இல்லை, ஆனால் பணமில்லாதவர்களுக்கு நான் அதிகம் சொல்வது அதைத்தான். அவுஸ்பில்டுங் என்ற மூன்று வருடத் தொழிற்பயிற்சி. 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் மருத்துவமனையிலும் பராமரிப்பு இல்லங்களிலும். கட்டணம் கட்டுவதற்குப் பதிலாக மாதாமாதம் அவர்களே பயிற்சி ஊதியம் தருவார்கள். செலவு எல்லாம் மொழியில். ஜெர்மன் மொழியில் குறைந்தது பி-1 என்ற இடைநிலைத் தேர்ச்சி, நல்ல இடம் வேண்டுமென்றால் அதற்கு அடுத்த படியான பி-2. வேலைக்குப் போய்க்கொண்டே ஜெர்மன் படித்தால் ஒன்றரை வருடம் ஓடிவிடும். இதற்கு லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டிடம், எதற்கு இந்தப் பணம் என்று ஒவ்வொரு வரியாக எழுதி வாங்குங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். உங்களுக்கு விசா தலைவலியே இல்லை. பிரான்சில் அரசு நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம், பாதி வகுப்பு, பாதி வார்டு. பாஸ்போர்ட் இருக்கிறதென்று மொழியை விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். தாத்தா பேசிய பிரெஞ்சு வார்டில் உதவாது, முதலில் போய் மொழி வகுப்பில் உட்காருங்கள்.

அங்கே படித்துவிட்டுத் திரும்பி வந்து ஜிப்மரிலோ கடலூர் ஜி.எச்.சிலோ வேலை பார்க்கலாமா?

வெளிநாட்டுப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் சமமானதென்று ஏற்க வேண்டும், பிறகு மாநில கவுன்சிலில் பதிவு. நான்கு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம் படித்ததை வைத்து அந்த ஒப்பீட்டுக்குப் போவது லேசான வேலை இல்லை. கடைசியில் ஊரில்தான் வேலை என்று முடிவெடுத்தவர் ஊரிலேயே நான்கு வருடம் படிப்பதுதான் சரி.

சர்ட்டிஃபிகேட்டில் என்ன பார்க்க வேண்டும்?

இனிஷியல்! பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கவிதா', பட்டத்தில் 'கவிதா எஸ்.', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். வெளிநாட்டு அலுவலகத்துக்கு இவர்கள் மூன்று பேர். மூன்றும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் 2015 வெள்ளத்தில் மார்க் லிஸ்ட்டெல்லாம் நனைந்து பொட்டலமான வீடுகள் உண்டு. நகல் சான்றிதழ் வாங்க மாதக்கணக்கில் ஆகும், ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே கேளுங்கள். பாடவாரி மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கு நேரில் ஒரு நடை போவதே நல்லது.

ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் என்ன செய்யலாம்?

இரண்டு காரியம். ஒன்று, ஆஸ்பத்திரியில் இருக்கும் சொந்தக்காரர் யாருக்காவது அட்டெண்டராக மூன்று இரவு உட்காருங்கள். பகலில் வேண்டாம், இரவில். இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் இருமிக்கொண்டே இருப்பார், டிரிப்ஸ் தீர்ந்துபோகும், பக்கத்துப் படுக்கைக்காரர் பெட்பேன் கேட்பார். அப்போது உங்களுக்கு எழுந்து போகத் தோன்றுகிறதா, போர்வையை இழுத்து மூடத் தோன்றுகிறதா என்று பாருங்கள். இதைச் சொல்லி அனுப்பிய ஒரு ஐ.டி. தம்பி மூன்றாம் நாள் காலை போன் செய்து, "அக்கா, எனக்கு இது வேணாம்" என்றான். 40 லட்சம் மிச்சம். இன்னொரு பெண், பள்ளி ஆசிரியை, மூன்று இரவு என்று போனவள் ஒன்பது இரவு இருந்துவிட்டு வந்தாள்.

இரண்டாவது, ஹெபடைட்டிஸ் பி ஊசி. வார்டுக்குள் காலை வைப்பதற்கு முன் தடுப்பூசிக் கணக்கு முழுதும் காட்ட வேண்டும். நம்மில் 30 வயதைத் தாண்டியவர்களுக்குச் சின்ன வயதில் இதைப் போட்டிருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் நாடு முழுவதற்குமான அரசுத் திட்டத்தில் இது 2011இல்தான் வந்தது. மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். அதற்கு மேலும் ஒரு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு அளவு 10ஐத் தாண்டியிருக்கிறதா என்று பரிசோதனை. காசநோய்க்கான தோல் பரிசோதனை, சின்ன வயதில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட நமக்குப் பல நேரம் பாசிட்டிவ் காட்டும், பதற வேண்டாம், அதற்கு ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேவும் இருக்கின்றன. அம்மை ஊசிகளின் சீட்டு இருந்தால் பீரோவிலிருந்து தேடி எடுத்து வையுங்கள். என் வகுப்பில் ஒருவருக்கு மூன்றாவது டோஸ் பாக்கி என்று ஒரு செமஸ்டர் பயிற்சியே தள்ளிப்போயிற்று. முதல் டோஸைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எந்த கிளினிக்கில் வேண்டுமானாலும் நாளைக்கே போட்டுக்கொள்ளலாம், சில நூறு ரூபாய். போட்ட தேதியையும் மருந்தின் பேட்ச் நம்பரையும் டாக்டரின் முத்திரையோடு ஒரு தாளில் எழுதி வாங்க மறக்காதீர்கள்.